எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

சில மாதங்களுக்கு முன்னர் ஹட்டனில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவ்வீட்டுப் பையன் கணினியில் போர்வியூக விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தான். திடீரென்று "ஐயோ, செத்துப் போயிட்டா" என்று கூவியவன், சேமித்து வைத்திருந்த பழைய கட்டத்துக்குத் திரும்பி, போரை முதலிலிருந்து தொடங்கினான். இறந்தவள் அவனது படையின் வில்லாளி. அந்த விளையாட்டில் மாண்டவர் மீள்வதில்லை. "அவ இல்லாம விளையாட மனசு வரல்ல, மாமா" என்றான். அடுப்படியிலிருந்து அவனுடைய அப்பாயி குரல் கொடுத்தார்: "காமனைக்கூட எரிச்சிட்டுத்தான்டா எழுப்புறாங்க."

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சதுரங்கத்தில் வெட்டுண்ட சிப்பாய்க்காக யாரும் வருந்துவதில்லை; அதற்குப் பெயர் கிடையாது. 1990இல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபயர் எம்பிளம்' என்னும் விளையாட்டு, படைவீரர் ஒவ்வொருவருக்கும் பெயரும் முகமும் கதையும் கொடுத்தது. விழுந்தவர் விழுந்தவரே என்ற விதியையும் வைத்தது. 2012இல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' விளையாட்டில் மாண்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சுவரே உண்டு. ஆனால் இழப்பைத் தாங்காதவர்கள் எங்கும் இருந்தனர். 2010இல் வந்த ஃபயர் எம்பிளத்தில், வீழ்ந்தவர் அடுத்த போருக்குத் திரும்பிவரும் இலகு முறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. இரண்டில் எது சரி என்று ஆட்டக்காரர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

நமக்கு இது புதிய வழக்கன்று. தஞ்சைப் பகுதியின் லாவணிக் கலைஞர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாடி வாதிட்டவர்கள். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் மன்மதன் கதையைக் காமன் கூத்தாகத் தம்முடன் கொண்டுவந்தார்கள். மாசி மாதத்தில் தப்பு முழங்க இன்றும் அது ஆடப்படுகிறது. காமன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், இறுதியில் அவன் எழுப்பப்படுகிறான். ஆனால் புராணத்தின்படி, எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான். உலகத்துக்கு அவன் போனவன் போனவனே.

மலையகத்தின் மற்றொரு கூத்தான பொன்னர் சங்கர் இன்னும் கடுமையானது. படுகளத்தில் மாண்ட அண்ணன்மாரைத் தங்காள் தேடி வந்து எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து அவளோடு சிறிது பேசுகிறார்கள், மீண்டும் சாய்ந்துவிடுகிறார்கள். விடைபெறுவதற்கான அவகாசம் கிடைக்கிறது; மரணம் ரத்தாவதில்லை. முடிவு தெரிந்தே ஊர் முழுதும் விடியும்வரை விழித்திருந்து அழுகிறது.

இம்மக்கள் ஏன் இந்தக் கதைகளை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டனர்? என் எண்ணம் இதுதான். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. மனிதரின் பெயரே கூலியின் அளவையாகிவிட்ட இடம் அது. செக்றோலில் ஒரு பெயர் நீங்கினால் இன்னொன்று ஏறும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்தவர்களில் கொலராவுக்கும் அம்மைக்கும் பசிக்கும் இரையானவர்கள் எத்தனை பேர் என்பதில் அக்காலக் கணக்குகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தொகை சொல்லித்தான் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்றது. சதுரங்கக் காய்களைப் போலவே இங்கும் பெயர்கள் இல்லை.

வழியில் இறந்தவருக்கு நின்று ஒப்பாரி வைக்க வாய்க்காத சமூகம், ஆண்டுதோறும் பெயருள்ள ஒருவனுக்காக ஊர்கூடி அழுதது. ரதியின் புலம்பலில் எத்தனை வீட்டுப் புலம்பல்கள் கலந்திருக்கும்! 2023 சூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டு 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்த நினைவு நடையையும் நான் அவ்வாறே பார்க்கிறேன். மாண்டவர்களை அது மீட்கவில்லை. அவர்கள் மாண்டார்கள் என்பதை ஊரறிய ஒப்புக்கொண்டது.

மரணத்தை ஏற்பது என்றால் மறப்பது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பழைய கட்டத்துக்குத் திரும்பிச் செல்பவனுக்குத்தான் நினைவில் வைக்க ஒன்றுமில்லை. அவன் கணக்கில் யாரும் இறக்கவேயில்லை. நான் எரிந்த கட்சி.

புறப்படும் நாளன்று பையனிடம் வில்லாளியைப் பற்றி விசாரித்தேன். மூன்று முறை திரும்ப ஆடியும் காப்பாற்ற முடியவில்லையாம். அவளில்லாமலே ஆட்டம் தொடர்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு அவளுடைய பெயரை வைக்க முடியுமா என்று தேடிப் பார்த்தானாம். பிறகு, வேண்டாம் என்று விட்டுவிட்டானாம்.