ஒரே கோப்பு, இரண்டு தீர்ப்புகள்: எக்ஸ்எம்எல் பார்சர்களை ஒப்பிடுவது எப்படி?

போர்க்காலத்திலும் அதன் பின்னரும் கணினியில் தட்டச்சான நமது பத்திரிகைகள், நினைவு மலர்கள், பெயர்ப்பட்டியல்கள் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன. அவற்றை எண்ணிம ஆவணங்களாக்கிப் பாதுகாக்க முனைவோர் எக்ஸ்எம்எல் எனும் குறிமொழியைக் கையாள வேண்டிவரும். அந்தக் கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும் மென்பொருளே பார்சர். எல்லாப் பார்சர்களும் ஒரே கோப்புக்கு ஒரே பதிலைத் தருவதில்லை.

தரம் சொல்வது என்ன?

எக்ஸ்எம்எல் 1.0 தரத்தை டபிள்யூ3சி அமைப்பு 1998 பெப்ரவரி 10ஆம் திகதி வெளியிட்டது. அதன் விதி கண்டிப்பானது. திறந்த குறி மூடப்படாவிட்டால், அல்லது குறிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால், பார்சர் பிழையை அறிவித்து வழமையான வாசிப்பை நிறுத்த வேண்டும். ஊகித்துத் திருத்திக்கொண்டு தொடரக்கூடாது. யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 ஆகிய இரு குறியாக்கங்களையும் ஒவ்வொரு பார்சரும் படிக்க வேண்டும்.

எப்படி அளக்கிறார்கள்?

ஒயாசிஸ் அமைப்பும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமும் 1999இல் இதற்கென ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டன. பின்னர் டபிள்யூ3சி பொறுப்பேற்ற அத்தொகுப்பில் இன்று 2000க்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன. சோதனையில் பிடிபடும் குறைகள் மூவகை: தவறான கோப்பை ஏற்பது, சரியான கோப்பை மறுப்பது, ஏற்றபின் உள்ளடக்கத்தை மாற்றித் தருவது. மூன்றாவதே ஆபத்தானது. ஏனெனில் அங்கே எச்சரிக்கை எதுவும் வராது.

மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. பார்சர் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 'ஶ' என்ற எழுத்து யுனிகோட்டில் 2005இல்தான் சேர்ந்தது. எக்ஸ்எம்எல் 1.0இன் முதல் நான்கு பதிப்புகளின்படி குறிப்பெயரில் அந்த எழுத்து வரக்கூடாது. 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை அனுமதித்தது. எக்ஸ்பாட் பார்சர் நான்காம் பதிப்பைப் பின்பற்றுகிறது; லிப்எக்ஸ்எம்எல்2 ஐந்தாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. எனவே 'ஶ' உள்ள குறிப்பெயரை முன்னது மறுக்கும், பின்னது ஏற்கும். இரண்டும் தத்தம் பதிப்புக்கு உண்மையாகவே நடக்கின்றன.

பாமினியின் 'ஈ'

பாமினி எழுத்துருவில் 'ஈ' என்று திரையில் தெரிவது உண்மையில், கணிதத்தில் 'சிறிது' என்பதைக் காட்டும் குறி. எக்ஸ்எம்எல்லில் ஒரு குறிச்சொல் தொடங்குவதும் அதே குறியால்தான். ஆகவே பாமினியில் தட்டச்சான 'ஈழம்' என்ற சொல்லை அப்படியே ஒட்டினால், தரத்துக்கு இணங்கும் பார்சர் அந்த வரியிலேயே நின்று பிழை சொல்லும். பிழை பொறுக்கும் எச்டிஎம்எல் பார்சரோ அதை அறியாத குறிச்சொல்லாக எண்ணி, மூடும் குறி வரும்வரை உள்ளதைத் திரையில் காட்டாமல் விட்டுவிடும். கண்டிப்பான பார்சர் வேலையைத் தாமதப்படுத்தும். பொறுமையான பார்சர் சொல்லையே தொலைத்துவிடும்.

ஆவணப்படுத்துவோர் செய்யக்கூடியவை

• மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வைத்திருங்கள்.
• முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, பிறகு எக்ஸ்எம்எல்லில் இடுங்கள்.
• குறைந்தது இரண்டு பார்சர்களில் சோதியுங்கள். தீர்ப்புகள் வேறுபட்டால் காரணத்தைத் தேடுங்கள்.
• பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தெரிவை இயக்கி எச்சரிக்கையை மறைக்காதீர்கள்.
• பெயர்ப்பட்டியலானால், உள்ளே போன பெயர்களையும் வெளியே வந்த பெயர்களையும் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கடைசி வேலையை எந்தப் பார்சரும் நமக்காகச் செய்யாது. கோப்பின் அமைப்பு சரியா என்று மட்டுமே அதற்குத் தெரியும். பட்டியலில் யாருடைய பெயர் இல்லை என்பது நமக்குத்தான் தெரியும்.