இதயத்தைக் காத்த புழுங்கல் அரிசி



நம் உடலில் தசைகள் மூன்று வகைப்படும். பால்மரம் வெட்டும் கையிலும் வாளி சுமக்கும் தோளிலும் உள்ளவை இயக்கு தசைகள். இவை எலும்போடு இணைந்தவை. நம் விருப்பப்படி வேலை செய்பவை. இரைப்பை, குடல், இரத்தக் குழாய் ஆகியவற்றின் சுவர்களில் உள்ளவை இயங்கு தசைகள். இவை நம்மைக் கேளாமலே வேலை செய்யும். மூன்றாவது, ஓய்வின்றித் துடிக்கும் இதயத் தசை.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்றது. அது நரம்புகளைக் கெடுத்ததால் கால் தசைகள் மெலிந்து நடை தளர்ந்தது. சிலருக்கு இதயத் தசையே சோர்ந்து, உடல் வீங்கி, உயிர் பிரிந்தது.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களிடையே நோய் மிகுதி. வீட்டில் குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களிடையே குறைவு. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. 1907இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். ஆனால், கெட்டுப்போன அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று அவர் கருதியது தவறு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905இல் டாக்டர் பிளெட்சர் ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும், மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் எவரும் அந்நோயால் இறக்கவில்லை. நாம் இன்று அறிந்திருப்பதற்கு அந்த ஏழை நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

பின்னர் ஜெலுபு பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள் சோதனை நடத்தி, 1909இல் முடிவை வெளியிட்டனர். பச்சரிசி உண்டவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் அரிசிக்கு மாற்றியதும் புதிதாக எவருக்கும் வரவில்லை. குறை தீட்டுவதில்தான் என்பது தெளிவாயிற்று.

தவிட்டோடு போய்விடும் அச்சத்துக்குப் பெயர் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, அது அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லை அறியார். ஆயினும் அவர்கள் நெல் அவித்த பழக்கம் கடல் கடந்து வந்து நம்மவர் உயிரைக் காத்தது. ஆகவே தாய்மார்களே, அரிசியைப் பலமுறை அலசாதீர்கள். கஞ்சியை வீணாக வடித்துக் கொட்டாதீர்கள். பருப்பும் பயறும் சேர்த்துச் சமையுங்கள்.