ஏது கேட்கும் கல்வி

வாதம் என்றவுடன் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவது சண்டையே. "எதிர்த்துப் பேசாதே" என்று பிள்ளையைக் கடிந்து கொள்ளாத தமிழ் வீடு அரிது. ஆயின் ஒரு கூற்றைக் கேட்டு, அதற்குக் காரணம் யாது, அக்காரணம் அக்கூற்றைத் தாங்கவல்லதா என்று ஆராயும் பயிற்சி நமக்கு அயலவர் கொணர்ந்த பண்டமன்று. அது நம் நூல்களிலே ஆழ வேரூன்றியிருந்தது. சிங்கப்பூரில் உயர்நிலை முதலிரு வகுப்புகளில் பயிலும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதனைத் தமிழிலேயே கற்பிக்க இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நாம் பெரும்பாலும் உணர்ச்சிக்காகவே கற்பிக்கின்றோம். கண்ணகியின் கண்ணீரையும் பாண்டியன் வீழ்ந்ததையும் சொல்லி முடிக்கின்றோம். அக்காதையின் அறிவுப் பகுதி வேறோரிடத்தில் உள்ளது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலாகாது என்பது மன்னன் கொண்ட விதி. கண்ணகி அவ்விதியோடு மோதவில்லை என்பது ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. கோவலன் கள்வன் என்னும் செய்தியையே அவள் மறுக்கின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசியின் சிலம்பிலுள்ளது முத்து என்கின்றான் மன்னன். சிலம்பு உடையுமுன்னரே எது முடிவு செய்யும் சான்று என்பதில் இருவரும் ஒன்றுபட்டு விட்டனர். விதி சரியாயிருந்தும் செய்தி பிழையானால் தீர்ப்புப் பிழையாகும் என்பதை இதனினும் தெளிவாக ஒரு மாணவனுக்கு உணர்த்தும் பாடத்தை நான் அறியேன்.

மணிமேகலையோ இத்துறையில் ஒரு முறையான பாடநூலையே தன்னுள் அடக்கியிருக்கிறது. இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை உரைக்க, மணிமேகலை செவிமடுக்கின்றாள். இருபத்தொன்பதாம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பிக்கின்றார். முதலில் கேட்டல், பின்னரே ஆராயுங் கருவியைப் பெறுதல் என்னும் அந்த வரிசையைப் பயிற்சிக் கல்லூரியில் படித்த எந்த முறையியல் நூலுக்கும் குறைந்ததாக நான் கருதவில்லை. நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. காரணமும் கூற்றும் சேர்ந்திருக்கக் கண்ட இடம் திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்னும் மற்றிரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்துள் அடங்கும் என்கின்றார் அடிகள். பின்னர்ப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனக் குற்றங்களையும் வகுக்கின்றார். மெய்போலத் தோன்றி மெய்யாகாததைப் 'போலி' என்றழைத்த சொல்லாட்சியே ஒரு பாடமன்றோ?

இம்மலை நெருப்புடையது, புகையிருத்தலால், அடுக்களையைப் போல என்பது அங்கு வரும் எடுத்துக்காட்டு. அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுக்களையில் புகை எழுவதே தெரியாது. ஒருமுறை இதனை விளக்கிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, 2015ஆம் ஆண்டு புகைமூட்டத்திலே பள்ளிக்கூடத்தையே மூடினார்களே! புகை இங்கே இருந்தது, நெருப்பு சுமத்ராவில் அல்லவா இருந்தது?" என்று கேட்டான். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டதை அவன் மறக்கவில்லை. வகுப்பு சிரித்தது, ஆனால் அவன் தொட்டது அளவை நூலாரே நன்கறிந்த இடர்ப்பாடு. நெருப்புள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் புகை காணப்படுமாயின், அந்த ஏது உறுதியற்றதாகும். மணிமேகலை கூறும் மூவகை ஏதுப்போலிகளுள் அநைகாந்திகம் என்பது இதுவே. ஆதலினாலன்றோ பிற்காலத் தருக்க நூலார், அடியிலிருந்து தொடர்பறாது எழும் புகையே ஏதுவாகும் என வரையறுத்தனர்! அப்பெயர்களை மனப்பாடம் செய்யுமாறு நான் சொல்லவில்லை. "இக்காரணம் இருந்தும் முடிவு பொய்யாகும் இடம் உண்டா?" என்று தேடச் சொன்னாலே போதும், பிள்ளைகள் வேட்டைக்குப் புறப்பட்டவர்கள் போலாகி விடுகின்றனர்.

இன்னொரு கருவி நன்னூலில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பாயிரம், நூலாசிரியன் பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் வழிகளை எழுவகை மதம் என்று தொகுக்கின்றது. உடன்படல் ஒன்று, மறுத்தல் ஒன்று. நம் மாணவர் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றனர். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுச் சென்று பின் களைவதும், இருவர் மாறுபட்டவிடத்து ஆராய்ந்து ஒருபக்கம் துணிவதும் அவ்வெழுவகையுள் அடங்கும் என்பதை அறிந்தால், அவர்தம் கட்டுரை வளம் பெறும். நன்னூலை எழுத்திலக்கணத்திற்கும் சொல்லிலக்கணத்திற்குமே திறப்பது நம்மிடம் ஊறிப்போன வழக்கம்.

பட்டிமன்றம் இருக்கின்றதே என்பர் சிலர். இரட்டைக் காப்பியங்களிலே பேசப்படும் பட்டிமண்டபம், 1939இல் சா. கணேசன் நிறுவிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் வழியே நம் காலத்தில் புத்துயிர் பெற்றது. அதன் சுவையை நான் குறைத்துரையேன். எனினும் ஓர் அணிக்கு வாதாடப் பழகியவன், இரு அணியையும் நிறுக்கப் பழகியவன் ஆகிவிடான். நிறுக்கும் வேலை அங்கே நடுவர்க்குரியது. வகுப்பறையிலோ அது ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது.

சிங்கப்பூரில் இப்பயிற்சி அருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தமிழ்வழிப் பள்ளிகள் இருந்த காலத்தில் வரலாறும் அறிவியலும் தமிழில் நடந்தன. 'ஏன்' என்ற வினா நாள்தோறும் தமிழில் எழுந்தது. 1946இல் தோன்றி, 1960 முதல் உயர்நிலை வகுப்புகளையும் நடத்திய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியாயிற்று. தமிழுக்கு எஞ்சியது மொழிப்பாட நேரம் மட்டுமே. அந்நேரத்தைச் சொற்பொருளுக்கும் அலங்காரத் தொடர்களுக்குமே செலவிட்டால், பிள்ளை வாழ்த்துவதற்குத் தமிழையும் சிந்திப்பதற்கு ஆங்கிலத்தையும் வைத்துக்கொள்வான். பொங்கல் வாழ்த்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, "நீ சொல்வது எனக்கு உடன்பாடில்லை, காரணம் இது" என்று தமிழில் சொல்ல வராமல் நா தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்த வழக்கைக் கொண்டு தொடங்குவது? கைப்பேசி நன்மையா தீமையா என்பது போன்ற தலைப்புகள் தேய்ந்து போயின. இம்மண்ணில் மெய்யாகவே நடந்த வழக்கொன்று நம்மிடம் உண்டு. 1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் முயற்சி 1950களில் எழுந்தபோது, எம்மொழியை அடிப்படையாகக் கொள்வது என்ற வினா பிறந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியைப் பரிந்துரைத்தார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதிட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் நிதியும் திரட்டினார். 1956இல் அத்துறை தமிழை ஏற்றுத் தொடங்கிற்று.

நம் பிள்ளைகள் உடனே தமிழவேள் பக்கம் சாய்வர், அது இயல்பே. ஆசிரியர் அங்கே சற்று நிறுத்த வேண்டும். தமிழ் வேண்டும் என்பது பக்கம். மலாயா இந்தியருள் பெரும்பாலோர் தமிழர் என்பதை ஏதுவாகக் கொள்வோம். இவ்விரண்டிற்கும் இடையே சொல்லப்படாத ஒன்று மறைந்துள்ளது: ஒரு நாட்டின் பல்கலைக்கழகத் துறை அந்நாட்டு மக்களின் மொழிக்கு முதலிடம் தர வேண்டும் என்பதே அது. மறுபக்கத்தின் ஏதுவையும் அதே நேர்மையோடு எழுதச் சொல்ல வேண்டும். இந்தியா முழுவதன் பழம்பண்பாட்டை ஆராய்வதற்கு வடமொழி பரந்த வாயில் என்பது அது. அதற்கடியிலும் ஒரு மறைந்த கூற்று உண்டு. இவ்வாறு இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதியபின், மக்கள்தொகை பற்றியோ வடமொழியின் பரப்புப் பற்றியோ இங்குப் பூசல் இல்லை, அத்துறை யாருக்காக, எதற்காக என்பதிலேதான் பூசல் என்பதை மாணவரே கண்டு சொல்வர். கண்ணகியின் வழக்கு செய்தி பற்றியது, இவ்வழக்கு நோக்கம் பற்றியது என்ற வேறுபாடும் அங்கே புலனாகும். சிலம்பை உடைத்ததுபோல் எதையும் உடைத்து இதற்கு முடிவு காண இயலாது.

ஒரு பிள்ளை, "இரண்டையும் வைத்திருக்கலாமே" என்று கேட்பாள். கேட்டால் விட்டுவிடலாகாது, எதை முதலில் வைப்பது, ஏன் என்று அவளிடமே திருப்பிக் கேட்க வேண்டும். பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. அக்காலப் பக்கம் ஒன்றை எடுத்து, ஆளுக்கொரு படி கொடுத்து, பக்கத்தின் கீழ் ஒரு கோடும் ஏதுவின் கீழ் இரு கோடும் இடச் சொல்லுங்கள். ஏதுவே இல்லாத பத்திகளும் அகப்படும். அவற்றின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடட்டும்.