மூன்று மொழிக் கல்

"வரலாற்றுப் புத்தகத்தில எங்கட ஆக்கள் எங்க சேர்?" ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கேள்வி இது. ஆகஸ்ட் விடுமுறையில் சக ஆசிரியர்களோடு வான் ஒன்றில் தென்கரைப் பாதையால் புறப்பட்டபோது, அவனுக்குக் காட்டச் சில ஆதாரங்களைக் குறித்து வருவதே என் எண்ணமாயிருந்தது.

முதலில் தெவிநுவரையில் இறங்கினோம். தேனவரை நாயனார் கோயில் இருந்த ஊர். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, வணிகர்கள் வாழும் பெரிய கடலோர ஊரென இதைக் குறிப்பிடுகிறார். 1588இல் போர்த்துக்கேயர் கோயிலை அழித்தனர். இன்று அவ்வூரில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது.

மாத்தறையில் ஒல்லாந்தர் 1765இல் கட்டி முடித்த நட்சத்திரக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் காலிக்குப் போனோம். கோட்டையின் பழைய வாயிலருகே, ஒல்லாந்தரின் பண்டகசாலையில் கடல்சார் நூதனசாலை இயங்குகிறது. 2004 சுனாமியில் சிதைந்து மீண்டும் திறக்கப்பட்டது அது. ஆனால் நான் தேடிய கல் காலியில் இல்லை. 1911இல் இந்நகரின் மதகொன்றில் மூடுகல்லாகக் கிடந்த அதைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

மறுநாள் அதன் முன் நின்றேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். சீனாவிலேயே பொறிக்கப்பட்டது, காலம் 1409. செங் ஹே யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழி புத்தரையும், தமிழ் தேனவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகளும் மூன்றிலும் வருகின்றன. இதை வெறும் நல்லிணக்கம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இங்கே போரிட்டு, ஆட்சியாளரைச் சிறைபிடித்து 1411இல் சீனப் பேரரசரிடம் ஒப்படைத்தவரும் இதே செங் ஹேதான்.

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். எனக்குப் பிடிபட்ட தமிழ் எழுத்துகள் இன்னொரு சமயத்தாரின் தெய்வத்தைப் போற்றின. என் இறைவனைப் போற்றிய பாரசீக வரிகளோ பெரிதும் தேய்ந்திருந்தன. தேயாமல் இருந்திருந்தாலும் அவற்றை எனக்கு வாசிக்கத் தெரியாது. பாரசீக வரிகளை மட்டும் குறிக்கவென்று கொண்டுபோன கொப்பியில் மூன்று மொழியும் உள்ள முழுக் கல்லையும் வரைந்துகொண்டேன்.

பாடசாலை தொடங்கியதும் அதைக் கரும்பலகையில் வரைந்தேன். அந்த மாணவன் எழுந்தான்.

"இதில எது நாங்க சேர்? தமிழா, பாரசீகமா?"

ஒன்றை மட்டும் தொட்டுக் காட்ட என் கை எழவில்லை. "ரெண்டையும் எழுதிக்கொள்ளுங்க மகன்" என்றேன்.