சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பள்ளி மாற்றம்

சிறப்புத் தேவையுள்ள குழந்தை புதிய பள்ளிக்குப் போகும்போது பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்யும் முன்னேற்பாடு இது. ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிற கட்டம்தான் கடினமானது: பழகிய ஒரே ஆசிரியர் போய், பாடத்துக்கு ஒருவர் வருவார்.

சிறப்புக் கல்வியின் பழைய முகவரிகளில் ஒன்று பாளையங்கோட்டை. அங்கே பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் காதுகேளாதோருக்குப் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கினார். அந்நாளில் வெளியூர்ப் பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் என்றால் வீட்டையே பிரிவதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு வழியும் தருகிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுக் குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்கள் துணைக்கு இருக்கிறார்கள்.

சான்றிதழ்களைவிடப் பழக்கம் பெரிது. பள்ளி திறக்குமுன் ஒருநாள் அழைத்துப் போய், தண்ணீர்க் குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், உட்காரப்போகும் பெஞ்சு எல்லாவற்றையும் குழந்தை தொட்டுப் பார்க்கட்டும். மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிற பிள்ளையா? வகுப்பாசிரியருக்கு அதை எழுதியே கொடுக்கலாம்.

பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. மருத்துவச் சான்றின் நகலைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.