மருந்தில்லா ஊசி

பெங்களூரின் பிரேசர் டவுன் நோயின் காரணமாகப் பிறந்த ஊர். 1898ஆம் ஆண்டில் அந்நகரைத் தாக்கிய பிளேக், தண்டுப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த மக்களைப் பெரிதும் வாட்டிற்று. 1809இல் படைமுகாம் அமைந்தது தொட்டு அங்குக் குடியேறிய தமிழரும் அத்துயருக்குத் தப்பவில்லை. காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும் தெருக்களோடு புதிய குடியிருப்பு வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே வலுப்பெற்றது. 1906இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அக்குடியிருப்பு, அந்நாளைய மைசூர் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது.

பிளேக்கைத் தடுக்கும் மருந்தை 1897இல் பம்பாயில் ஹாப்கின் கண்டறிந்தார். அதனை உடலுக்குள் செலுத்தும் கருவியாக ஊசி பயன்பட்டது. ஆனால் மருந்து எதுவுமின்றி, ஊசி ஒன்றையே சிகிச்சையாகக் கொள்ளும் முறையும் உலகில் உண்டு. அதுவே அக்குபங்க்சர். ஒற்றைத் தலைவலியால் வருந்துவோர் இன்று பெங்களூரிலும் பிற நகரங்களிலும் அதனை நாடுகின்றனர். ஆகவே அதன் வரலாற்றையும், அதனால் விளையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

இம்முறை சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது. மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகளை உடலின் குறித்த இடங்களில் செருகிச் சிறிது நேரம் நிறுத்திவைப்பர். ஜப்பானில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த டென் ரைன் என்பவர், 1683இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இதனை ஐரோப்பியருக்கு அறிவித்தார். பிறந்த நாட்டிலேயே இதற்குத் தாழ்வும் வந்தது. 1822இல் சீன அரசவை மருத்துவக் கழகம் இதனை விலக்கியது. 1950களிலேதான் இது மீண்டும் அங்கு ஏற்றம் பெற்றது.

இந்தியாவிற்கு இது வந்த வழி நட்பின் வழி. ஜப்பானின் படையெடுப்பால் அல்லலுற்ற சீனருக்கு உதவ, 1938இல் இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பிற்று. அவர்களுள் ஒருவரான சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ், 1942இல் பணியிடையே அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவரான விஜய் குமார் பாசு, 1958இல் மீண்டும் சீனா சென்று இக்கலையைப் பயின்றார். 1959இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கிவைத்தார்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர். தலையின் ஒரு புறம் தெறிப்பதும், குமட்டுவதும், வெளிச்சம் பொறாமையும் ஒற்றைத் தலைவலியின் குறிகள். இதற்கு ஊசி எவ்வளவு துணை செய்யும்? 22 ஆய்வுகளை, ஏறத்தாழ 5,000 நோயாளிகளின் நிலையை, காக்ரேன் அமைப்பு 2016இல் ஒருங்கே சீர்தூக்கியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவருள் 100க்கு 17 பேருக்கே தலைவலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. ஊசியும் சேர்த்துப் பெற்றவருள் 41 பேருக்குக் குறைந்தன. ஆயினும் உண்மை ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்ட வேறு ஆய்வுகளில், உண்மை ஊசியால் 50 பேரும் போலி ஊசியால் 41 பேரும் அதே அளவு பயன் பெற்றனர். எனவே பயன் உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு, குறித்த இடத்தில் குத்துவதால் மட்டுமே விளைவதன்று.

இந்திய அரசு 2019இல் அக்குபங்க்சரைத் தனியொரு மருத்துவ முறையாக ஏற்றது. உற்றார் உறவினரைப் பிரிந்து வேற்று மாநிலத்தில் உழைக்கும் நம்மவர், வேலை கெடுமே என்று அஞ்சி நாள்தோறும் வலிமாத்திரையை விழுங்குவதுண்டு. அளவு மீறினால் அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அத்தகையோர் மருத்துவரின் ஆலோசனையோடு ஊசி முறையையும் நாடலாம். பயிற்சி பெற்றவரா என்பதையும், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை எறிந்துவிடுகிறாரா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். திடீரெனத் தாங்கொணாத் தலைவலி வந்தாலோ, கை கால் மரத்துப் பேச்சுக் குழறினாலோ ஊசிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை செல்க.