கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழா

கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழா என்பது பாக் நீரிணையில் உள்ள கச்சத்தீவில் ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், தவக்காலத்தின்போது நடைபெறும் இரண்டு நாள் கத்தோலிக்கத் திருவிழா ஆகும். தீவு இலங்கைக்கு உரியது. விழாவை யாழ்ப்பாண மறைமாவட்டம் நடத்துகிறது. தமிழ்நாட்டு மீனவர்களும், இலங்கையின் தமிழ், சிங்களக் கத்தோலிக்கர்களும் ஒன்றுகூடும் விழா இது. இந்தியப் பயணிகள் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் வேறொரு நாட்டுக்குச் சென்று வழிபட்டுத் திரும்புவது இதன் தனிச்சிறப்பு.

அமைவிடம்

கச்சத்தீவின் பரப்பு சுமார் 285 ஏக்கர். இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைல் தொலைவில், இராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நெடுந்தீவுக்கும் இடையில் உள்ளது. இங்கே குடிநீர் இல்லை. நிலையான குடியிருப்பும் இல்லை. ஒருகாலத்தில் மீனவர்கள் வலைகளை உலர்த்தவும் இளைப்பாறவும் இத்தீவைப் பயன்படுத்தினர்.

கடலோர ஆலய மரபு

தமிழகக் கடற்கரையில் கத்தோலிக்க ஆலயங்கள் பெரும்பாலும் மீனவர் குடியிருப்புகளை ஒட்டியே வளர்ந்தன. வடகோடியில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மகிமை மாதா ஆலயம் 1515 இல் போர்த்துக்கீசியரால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. தெற்கே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கிறித்தவம் தழுவினர். 1542 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்தார்.

அந்தோணியார் 1195 இல் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் பிறந்து, 1231 இல் இத்தாலியின் பதுவை அருகே இறந்தவர். கடலோடிகளின் காவலராக அவரை வணங்கும் வழக்கம் போர்த்துக்கீசியர் வழியாகப் பரவியது. அவருடைய திருநாள் ஜூன் 13. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கச்சத்தீவு விழாவோ கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனிப் பருவத்தில் வருகிறது.

வரலாறு

இத்தீவில் முதல் ஆலயத்தை இராமநாதபுரம் மாவட்டம் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி 1905 இல் எழுப்பினார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. போருக்கு முந்திய காலத்தில் விழா நாட்களில் பண்டமாற்றுச் சந்தையும் கூடியது. இரு கரைகளிலும் உறவினர் கொண்ட குடும்பங்கள் ஒருவரையொருவர் காணும் இடமாகவும் அது இருந்தது.

தீவு இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்தது என்பது இந்தியத் தரப்பு வாதம். 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கச்சத்தீவு இலங்கை எல்லைக்குள் வந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து செல்லலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று அதன் 5 ஆவது பிரிவு கூறுகிறது. 1976 இல் ஏற்பட்ட உடன்பாடு, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதைத் தடுத்தது. வழிபடும் உரிமை நின்றது. மீன்பிடிக்கும் உரிமை போயிற்று. இன்றுவரை தொடரும் சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது.

1983 இல் மூண்ட உள்நாட்டுப் போர் விழாவை நீண்டகாலம் முடக்கியது. 2009 இல் போர் முடிந்தபின் ஆண்டு விழா மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. பழைய சிறு கோயிலுக்கு அருகே இலங்கைக் கடற்படையினரின் உழைப்பில் கட்டப்பட்ட புதிய ஆலயத்தை, 2016 டிசம்பர் 23 அன்று யாழ்ப்பாண ஆயர் ஜஸ்டின் பேர்னாட் ஞானப்பிரகாசம் அர்ச்சித்தார்.

விழாவும் தொண்டும்

முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, திருப்பலி, தேர்பவனி ஆகியவை நடைபெறும். பயணிகள் இரவில் தீவிலேயே தங்குவர். மறுநாள் காலை தமிழிலும் சிங்களத்திலும் திருவிழாத் திருப்பலி நிறைவேற்றப்பட்டுக் கொடியிறக்கத்துடன் விழா முடியும்.

ஆளில்லாத தீவில் ஆயிரக்கணக்கானோர் ஓர் இரவு தங்குவதற்கு வேண்டிய அனைத்தும் கடல்வழியே வரவேண்டும். இந்தியக் கரையில் இராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயப் பங்குத்தந்தை பயணத்தை ஒருங்கிணைக்கிறார். படகுவாரியாகப் பயணிகளின் பெயர்களும் அடையாளச் சான்றுகளும் திரட்டப்பட்டு அதிகாரிகளிடம் அளிக்கப்படுகின்றன. வழக்கமாக மீன்பிடிக்கச் செல்லும் விசைப்படகுகள் அந்த இரண்டு நாட்களும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. இந்தியக் கடலோரக் காவல்படை எல்லைவரை கண்காணிக்க, அப்பால் இலங்கைக் கடற்படை பொறுப்பேற்கிறது.

மறுகரையில் யாழ்ப்பாண மறைமாவட்டம், மாவட்டச் செயலகம், கடற்படை ஆகியவை சேர்ந்து குடிநீர், உணவு, மின்விளக்கு, மருத்துவ உதவி, தற்காலிக இறங்குதுறை, கழிப்பறை ஆகியவற்றை ஏற்பாடு செய்கின்றன. மற்ற நாட்களில் எல்லை தாண்டிய படகுகளைப் பிடிக்கும் அதே கடற்படை, இந்த இரண்டு நாட்கள் அவற்றிலிருந்து இறங்குவோருக்குத் தண்ணீர் வழங்குகிறது.

புறக்கணிப்புகள்

2017 மார்ச் மாதம் இராமேசுவரம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கண்டித்து, சில நாட்களில் நடக்கவிருந்த விழாவைத் தமிழ்நாட்டு மீனவர்கள் புறக்கணித்தனர். எல்லை தாண்டியதற்காக மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து 2024 பிப்ரவரி விழாவையும் புறக்கணித்தனர்.

மறுபக்க வேதனையும் உண்டு. தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவைமடியால் தங்கள் வலைகள் அறுபடுவதாகவும் மீன்வளம் அழிவதாகவும் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். இலங்கை 2017 இல் இழுவைமடி முறையைச் சட்டப்படி தடைசெய்தது. ஆகவே விழாவுக்கு அழைப்பவர்களில் பாதிக்கப்பட்டவர்களும் உள்ளனர். விழாவுக்குச் செல்பவர்களில் உறவினரைச் சிறைக்கோ கடலுக்கோ கொடுத்தவர்களும் உள்ளனர்.

பழவேற்காட்டுடன் ஒப்பீடு

நீரைப் பங்கிடுவதில் பூசல் பாக் நீரிணைக்கு மட்டும் உரியதன்று. பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ளது. அங்கும் எல்லை குறித்து மீனவர்களிடையே மோதல்கள் நிகழ்ந்துள்ளன. ஆனால் அவ்வேரியின் மீனவர் ஊர்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்து ஒதுக்கும் ‘பாடு’ என்னும் மரபு உண்டு. பாக் நீரிணையின் இரு கரை மீனவர்களும் ஏற்கும் அத்தகைய முறை இன்னும் உருவாகவில்லை. இரு தரப்பும் எழுதப்பட்ட விதியோடு அமைதியாகக் கூடும் நிகழ்ச்சியாக எஞ்சியிருப்பது இத்திருவிழாவே.

2025 மார்ச் 14, 15 தேதிகளில் நடந்த விழாவுக்குத் தமிழ்நாட்டுப் படகுகள் மீண்டும் சென்றன.